வழக்கறிஞர் ஒழுக்கமும் கட்சிக்காரர் புகாரும்

வக்காலத்தில் கையொப்பமிடும் கட்சிக்காரர், தம் வழக்கை மட்டுமின்றி, அதன் தவணைகளையும் ஆவணங்களையும் பல சமயங்களில் பணத்தையும் ஒருங்கே மற்றொருவர் கையில் ஒப்படைத்துவிடுகிறார். உரிமையியல் வழக்குகளில் பெரும்பாலான தவணைகளுக்கு அவர் நேரில் செல்ல வேண்டியதில்லை. வழக்கு தாக்கலாயிற்றா, எந்நிலையில் உள்ளது என்பனவற்றையெல்லாம் வழக்கறிஞர் சொல்லித்தான் அவர் அறிகிறார். இத்தகைய நம்பிக்கை பழுதுபடும்போது அவர் எங்கே முறையிடலாம், முறையிட்டால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது பலருக்கும் தெளிவாகத் தெரியாத செய்தியாகும். கிடைக்காதது எது என்று அறியாமல் புகாரை மட்டும் நம்பிக் காலம் கழித்து, இருந்த உரிமையையும் இழந்தோர் உண்டு.

அதிகாரம் கைமாறிய வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் வழக்கறிஞர்களைத் தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருந்தது. 1879ஆம் ஆண்டின் சட்டத்தொழில் புரிவோர் சட்டமும், பின்னர் 1926ஆம் ஆண்டின் இந்திய பார் கவுன்சில்கள் சட்டமும் இறுதி முடிவை உயர் நீதிமன்றத்திடமே விட்டிருந்தன. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பார் கவுன்சில் உறுப்பினர்களைக் கொண்ட குழு விசாரணை நடத்தலாம், தீர்ப்பளிக்க இயலாது. விடுதலைக்குப் பின் 1951இல் நீதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையில் அமைந்த அகில இந்திய பார் குழு, நாடு முழுவதற்கும் ஒரே வழக்கறிஞர் அமைப்பு வேண்டும் என 1953இல் பரிந்துரைத்தது. சட்ட ஆணையமும் 1958இல் அக்கருத்தை வலியுறுத்தியது. இவற்றின் விளைவே 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம்.

இச்சட்டம் செய்த பெரிய மாற்றம், வழக்கறிஞரின் ஒழுக்கத்தை முதலில் விசாரித்துத் தீர்ப்பளிக்கும் பொறுப்பை வழக்கறிஞர்களிடமே அளித்ததாகும். மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூவர் இருப்பர். இருவர் கவுன்சில் உறுப்பினர்கள். ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் அனுபவமிக்க வழக்கறிஞர். மூவரில் மூத்தவரே தலைவர். தொழிலின் நெளிவுசுளிவுகளை அறிந்தோரே குற்றத்தை எளிதில் கண்டறிவர் என்பது இதன் சாதகம். தேர்தலில் வாக்களித்தவர்களையே விசாரிக்க நேர்வது இதன் சங்கடம். இரண்டும் உண்மையே.

புகார் செல்லும் வழி

சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, வழக்கறிஞர் எந்த மாநிலப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளாரோ அந்த மாநில பார் கவுன்சிலிடம் புகார் தர வேண்டும். புகார் உரிய கையொப்பமும் சரிபார்ப்புரையும் கொண்ட மனுவாக, நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்துடன் அமைய வேண்டும். மாநில மொழியிலும் அதை எழுதலாம். வழக்கு இந்திய பார் கவுன்சிலுக்குச் செல்லும் நிலை வந்தால், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பும் பொறுப்பு மாநிலக் கவுன்சிலைச் சேர்ந்தது; புகார்தாரரைச் சேர்ந்தது அன்று. ஆங்கிலம் அறியாதோர் இதைக் கருத்திற் கொள்வது நலம்.

புகார் வந்தவுடன் விசாரணை தொடங்கிவிடுவதில்லை. தவறு நடந்திருப்பதாக நம்புவதற்குக் காரணம் உண்டு என்று கவுன்சில் கருதினால்தான் அது குழுவிடம் செல்லும். தொடக்கத்திலேயே தள்ளப்பட்ட புகாரை மறு ஆய்வு செய்யும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு உண்டு. குழுவிடம் சென்ற பின் வழக்கறிஞருக்கும் மாநில அரசின் தலைமை வழக்கறிஞருக்கும் அறிவிப்புச் செல்லும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உள்ளன. முடிவில் புகாரைத் தள்ளலாம், வழக்கறிஞரைக் கண்டிக்கலாம், குறித்த காலத்திற்குத் தொழிலிலிருந்து விலக்கி வைக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். இதன்மேல் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலிடமும், அதன் முடிவின்மேல் மீண்டும் 60 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம்.

எது தவறு, எது தவறன்று

வழக்கில் தோற்றது வழக்கறிஞரின் குற்றமாகாது. சட்டத்தை அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், கவனக்குறைவாக நடந்திருந்தாலுங்கூட, அது மட்டுமே தொழில் ஒழுங்கீனம் ஆகிவிடாது என உச்ச நீதிமன்றம் 1963இல் கூறியது. நெறி பிறழ்ந்த எண்ணம் அல்லது நேர்மைக் குறைவு அதில் கலந்திருக்க வேண்டும். புகார்களில் பல இந்த இடத்தில்தான் இடறி விழுகின்றன.

பணமும் சொத்தும் குறுக்கிடும் இடங்களில் ஐயத்திற்கு இடம் குறைவு. கட்சிக்காரரிடம் பெற்ற தொகைக்குக் கணக்கு வைத்தல் வேண்டும். வெற்றியைப் பொறுத்து ஊதியம் பேசுதல் கூடாது. தாம் நடத்திய வழக்கின் தீர்ப்பை நிறைவேற்ற விடப்படும் ஏலத்தில் தாமே சொத்தை எடுத்தல் கூடாது. இவை இந்திய பார் கவுன்சிலின் விதிகள். தம் கட்சிக்காரரின் வழக்கில் சிக்கிய சொத்தைத் தாமே விலைக்கு வாங்கிய தில்லி வழக்கறிஞர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட ஓராண்டு விலக்கத்தை உச்ச நீதிமன்றம் 1997இல் உறுதி செய்தது.

அரசு அலுவலர்களும் கூட்டுறவு நிறுவனங்களின் நிர்வாகிகளும் அறிய வேண்டிய வழக்கு ஒன்று மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தது. அம்மாநிலக் கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகராக இருந்தவர், 1993இல் நீக்கப்பட்டபோது, தமக்கு ஊதிய பாக்கி உள்ளதெனக் கூறி வழக்குக் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தார். ஊதிய பாக்கிக்காகக் கட்டுகளைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு வழிகள் உண்டு. வழக்கை முடக்கும் வழி மட்டும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து எழுந்து 1978இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு மனத்தை உறுத்துவது. காது கேளாத முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் புரோநோட்டுகளின் பேரில் கடன் கொடுத்திருந்தனர். வசூலுக்கு வழக்குப் போடுமாறு வழக்கறிஞரிடம் நோட்டுகளையும் நீதிமன்றக் கட்டணத்திற்கான பணத்தையும் அளித்தனர். வழக்குகள் முறையாகத் தாக்கலாகவே இல்லை. ஆனால் தாக்கலாகிவிட்டதாகவே அவர்கள் நம்பவைக்கப்பட்டனர். புரோநோட்டுக் கடனுக்கு வழக்குத் தொடரும் காலவரையறை 3 ஆண்டுகளே. அது கடந்துவிட்டால் நோட்டு வெறுங்காகிதம். மாநில பார் கவுன்சில் 6 ஆண்டு விலக்கம் விதித்தது; இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு புதிய வழியொன்றைத் தேடிற்று. வழக்கறிஞரை வீட்டில் உட்கார வைப்பதால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன பயன் என்று அது சிந்தித்தது. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் செலுத்துவதையும், ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவிப் பணியில் ஈடுபடுவதையும் தண்டனையோடு பிணைத்தது. ஆயினும் 35ஆம் பிரிவில் இழப்பீடு என்னும் சொல் இல்லை. அத்தீர்ப்புக்குப் பின்னரும் அது சேர்க்கப்படவில்லை.

பணம் வேறு, ஒழுங்கு வேறு

ஒழுங்கு நடவடிக்கையின் நோக்கம் தொழிலின் தூய்மையைக் காப்பதே. இழந்த பணத்தை மீட்டுத் தருவதன்று. பணத்திற்கு உரிமையியல் நீதிமன்றமே இடம். கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு வழக்கறிஞர் என்பதாலேயே ஒருவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என 1926ஆம் ஆண்டின் சட்டத்தொழிலர் ஊதியச் சட்டம் கூறுகிறது. மோசடியும் கையாடலும் காவல் துறைக்கு உரியன. நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. தேசிய நுகர்வோர் ஆணையமும் 2007இல் அவ்வாறே முடிவு செய்தது. ஆனால் 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வழக்கறிஞரின் பணி கட்சிக்காரரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தனிப்பட்ட ஊழிய ஒப்பந்தம் ஆதலால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்பது அத்தீர்ப்பு. எளிய கட்டணத்தில் இழப்பீடு தேடும் வழி இதனால் அடைபட்டது. பார் கவுன்சிலில் புகார் நிலுவையில் இருப்பதால் உரிமையியல் வழக்கின் காலவரையறை நின்றுவிடுவதில்லை என்பதைப் புகார்தாரர் மறத்தலாகாது.

ஓராண்டுக் கெடு

புகார்கள் ஆண்டுக்கணக்கில் உறங்குவதைத் தடுக்க 1973இல் 36-பி பிரிவு சேர்க்கப்பட்டது. மாநிலக் குழு ஓராண்டுக்குள் முடிக்காத விசாரணை தானாகவே இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். கெடு விதித்தவர்கள், அதன் பின்விளைவை முழுதும் எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயமே. விரைவுபடுத்த வந்த விதி, பல மாநிலங்களின் தாமதத்தை ஓரிடத்தில் கொண்டுபோய்க் குவித்தது. சொந்த ஊரில் சாட்சி சொல்ல வேண்டிய கட்சிக்காரரின் புகார் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பின் பொறுப்பாயிற்று. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்நிலையைக் கண்டித்தது. மாநிலக் கவுன்சில்கள் ஓராண்டுக்குள்ளேயே முடிக்க வேண்டும். மாற்றப்பட்டவற்றை இந்திய பார் கவுன்சில் கட்டுகள் கிடைத்த ஓராண்டில் முடிக்க வேண்டும் எனப் பணித்தது.

கவுன்சிலின் நிலை

மும்பைக் குற்றவியல் நீதிமன்ற வாயிலில் கட்சிக்காரர்களை வழிமறித்து, ஒருவரையொருவர் தள்ளி, ஊதியத்தைக் குறைத்துக் கூவி வழக்குப் பிடித்ததாகச் சில வழக்கறிஞர்கள்மீது மகாராஷ்டிர பார் கவுன்சில் நடவடிக்கை எடுத்தது. இந்திய பார் கவுன்சில் அவர்களை விடுவித்தபோது, மாநிலக் கவுன்சிலே மேல்முறையீடு செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. செய்யலாம் என 1975இல் உச்ச நீதிமன்றம் விடையளித்தது. தொழிலின் நெறியைக் காக்கும் பொறுப்புடைய அமைப்பு வெறும் தீர்ப்பாளராக ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. வழக்குப் பிடித்துத் தரும் தரகர்களைப் பற்றிய விதிகளை 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே சேர்த்தது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றங்கூட வழக்கறிஞரின் தொழில் உரிமத்தைத் தானே நிறுத்தி வைக்க இயலாது; அது பார் கவுன்சிலின் பணி என 1998இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் வரையறுத்தது.

இதே காரணத்தால்தான், இரு தரப்பாரும் சமரசமாகிப் புகாரைத் திரும்பப் பெற்றாலும், அது ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி நடவடிக்கையைக் கைவிடலாகாது என விதிகள் கூறுகின்றன. எடுத்த பணத்தைத் திருப்பித் தந்துவிட்டவர், புகார்தாரரின் சம்மதக் கடிதத்துடன் வந்தாலும், குழுவின் முன் நின்று விடை கூறியே ஆக வேண்டும்.