உள்ளே இருக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்புவோர் கவனத்திற்கு

"ஒங்க மவன் ஜெயில்ல பட்டினியா கெடக்கான், காசு குடுங்க, சேர்த்துடுறேன்னு ஒரு ஆளு வந்தான், ஐயா. அம்பது வெள்ளி குடுத்தேன். அப்புறம் அவனக் காணோம்."

பால்வெட்டும் தாய் ஒருவர் லயத்து வாசலில் நம்மிடம் சொல்லி அழுதார். பெற்ற வயிற்றின் பதைப்பை முதலாக்கிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்களே!

பாட்டாளித் தோழர்களே, சிறையில் சாப்பாட்டைச் சிறை இலாகாவே போடுகிறது. நாம் கட்டும் பணம் சோப்பு, பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களுக்குத்தான். அது கைதியின் கைக்குப் போவதில்லை. அவர் பெயரில் வரவு வைக்கப்படும். ஆகவே பெயரையும் கைதி எண்ணையும் குறித்துக்கொண்டு, காஜாங்கோ தைப்பிங்கோ, அவர் இருக்கும் சிறையின் ஆபீசிலேயே விசாரித்துக் கட்டுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். எதையும் மறைத்துக் கொடுத்தால் குற்றம். அடுத்த வழக்கு உங்கள் மேல்தான்.

வட்டிக்கு வாங்கி அனுப்ப வேண்டாம். இருப்பதில் பத்து வெள்ளி போதும். கூடவே ஒரு கடிதம் எழுதுங்கள்: "ஒழுங்கா இருப்பா" என்று. ஒரு மாதத்துக்கு மேல் தண்டனை பெற்றவருக்கு, நன்னடத்தை இருந்தால் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கழியும். பிள்ளையைச் சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுவருவது அதுதான். தரகன் கையில் கொடுத்த காசல்ல.