பழைய உலக உருண்டையைக் கழித்துவிட வேண்டாம்

பள்ளி இருப்புப் பதிவேட்டிலிருந்து பழைய பொருள்களைக் கழிக்கும்போது, சோவியத் ஒன்றியம் இன்னும் இடம்பெற்றிருக்கும் உலக உருண்டைதான் பட்டியலில் முதலில் வருகிறது. சமூக அறிவியல் ஆசிரியரான நான் அதை வைத்துக்கொள்ளவே விரும்புகிறேன். அது செய்யப்பட்ட ஆண்டில் மனிதர்கள் உலகத்தை எப்படி அறிந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

இன்றுவரை எஞ்சியுள்ள உலக உருண்டைகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் இருக்கிறது. மார்ட்டின் பெஹைம் என்பவரின் மேற்பார்வையில் 1492 வாக்கில் உருவான இதற்குப் 'பூமி ஆப்பிள்' என்று பொருள்படும் ஜெர்மன் பெயர் உண்டு. விட்டம் சுமார் 51 செ.மீ. இதில் ஐரோப்பாவின் மேற்கே கடலும் தீவுகளும், அவற்றைத் தாண்டினால் நேரே ஆசியாவும்தான். அமெரிக்கா இல்லை. கொலம்பஸ் பயணம் முடித்து ஐரோப்பா திரும்பியதே 1493இல்தான்.

இதை வகுப்பில் சொன்னபோது, "அப்படியானால் அது தப்பான உருண்டையா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடத்தின் மையமே அந்தக் கேள்விதான். அறிந்ததை வரைந்தார்கள், புதியது தெரிந்ததும் திருத்தினார்கள். 1507இல் மார்ட்டின் வால்ட்சேமுல்லர் அச்சிட்ட உருண்டைத் தாளிலேயே 'அமெரிக்கா' என்ற பெயர் வந்துவிட்டது.

தட்டையான தாள் சுருக்கமின்றி உருண்டையில் ஒட்டாது. எனவே இரு முனையும் கூர்மையான நீள் இதழ்களாக அச்சிட்டு, காகிதக்கூழ் உருண்டைமேல் சுண்ணம் பூசி ஒட்டினார்கள். 12 இதழ்கள் என்றால் ஒவ்வொன்றும் 30 பாகைத் தீர்க்கம். மாணவர்களும் செய்து பார்க்கலாம். பந்தின் சுற்றளவு 60 செ.மீ. எனில், ஒவ்வோர் இதழும் 30 செ.மீ. நீளம், நடுவில் 5 செ.மீ. அகலம். கணித ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு உருண்டையின் வயதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கலிபோர்னியா தீவாக இருந்தால் அது பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு வழக்கு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை சரியாக வரையப்பட்டிருந்தால், 1770இல் குக் அங்கு சென்றதற்குப் பிந்தையது. நம் பள்ளி உருண்டைகளுக்கு அருகிலுள்ள குறிப்புகள் போதும்: வங்கதேசம் 1971, சிலோன் ஸ்ரீலங்காவானது 1972, சோவியத் ஒன்றியம் கலைந்தது 1991, தெற்கு சூடான் 2011.

ஒவ்வொரு குழுவும் 'இந்த ஆண்டுக்குப் பின், அந்த ஆண்டுக்கு முன்' என்று காரணத்தோடு எழுதட்டும். அச்சில் இருப்பதெல்லாம் மாறாதது என்று நம்பும் வயதில், அதையும் சோதித்துப் பார்க்கலாம் என்று குழந்தைகள் தாமே அறிந்துகொள்வார்கள். புதிய உருண்டை வாங்குங்கள். பழையதை அதன் பக்கத்திலேயே வையுங்கள்.