ஜாதிக்காய்த் தீவின் கணக்குப் பாடம்

கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடாவின் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் உண்டு. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் சூறாவளி அடித்ததில் அந்த மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்தன. புதுக் கன்று காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். ஆண் மரமா பெண் மரமா என்பதுகூடப் பூத்த பிறகுதான் தெரியும். மொத்தச் சேதம் நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இப்படிப்பட்ட அடியைச் சமாளிக்கக் கற்றுத்தர வேண்டிய நிர்வாகவியல் பாடநூல்கள் பெரும்பாலும் பெரிய நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஓர் ஊரில் ஆலை மூழ்கினால் அடுத்த ஊர்க் கிளை சமாளித்துக்கொள்ளும். தீவில் அடுத்த ஊருக்கும் அதே இரவில்தான் கூரை பறக்கிறது. துறைமுகம், வங்கி, வாடிக்கையாளர், காப்பீட்டு முகவர் என ஒருவரும் மிச்சமில்லை.

அங்கே வணிகம் படிப்பவர்களுக்கு இன்னொரு கரீபியத் தீவான டொமினிக்காவின் கதையை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். 2007இல் கரீபிய நாடுகள் சேர்ந்து தொடங்கிய பேரிடர்க் காப்பீட்டு நிதியம், சேதத்தை எண்ணிப் பார்த்துப் பணம் தருவதில்லை. காற்றின் வேகம், மழையின் அளவு போன்றவை குறித்த எல்லையைத் தாண்டினால் தரும். பணம் இரண்டு வாரத்தில் வந்துவிடும். 2015இல் டொமினிக்காவைத் தாக்கிய எரிக்கா புயலில் நாசம் செய்தது காற்றல்ல, மழை. சேதம் சுமார் 48 கோடி டாலர். மழைக்கென்று எடுத்திருந்த தனிக் காப்பீட்டில் கிடைத்ததோ 24 லட்சம் டாலர். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

கிரெனடா படித்துக்கொண்டது. 2015இல் கடனைச் சீரமைத்தபோது, சூறாவளி வந்தால் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு விதியைப் பத்திரத்தில் சேர்த்தது. 2024இல் பெரில் சூறாவளி தாக்கியதும் அதைப் பயன்படுத்தியது.

மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்தில் பேரிடர் அபாயக் குறைப்பு மையமும் உண்டு, வணிகப் பள்ளியும் உண்டு. இரண்டும் ஒரே வகுப்பறையில் உட்கார வேண்டும் என்பது என் கட்சி. புயல் என்றால் பொறியாளர் வேலை, கடன் என்றால் கணக்காளர் வேலை என்று பிரித்துவைப்பது தீவுக்கு ஒத்துவராது.

அந்த வகுப்புக்கு ஒரு கேள்வித்தாளும் தயார். டொமினிக்காவில் 1978 முதல் இயங்கிய ராஸ் மருத்துவக் கல்லூரி, 2017இன் மரியா சூறாவளிக்குப் பிறகு பார்படோஸுக்குக் குடிபெயர்ந்தது. அதன் மாணவர்களை நம்பி வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள் கல்லூரி இருந்த போர்ட்ஸ்மவுத்திலேயே இருக்கிறார்கள். கூரைக்குக் காப்பீடு உண்டு. குடியிருந்தவர் கடல் தாண்டிப் போனதற்கு?