பீப்பாய்க்குள் இருப்பது யாது?

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு துறைமுகக் கிடங்கிலே சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். மழைக்காலத்தில் ஒரு நாள், கடல் கடந்து வந்த பீப்பாய் ஒன்று கசியலாயிற்று. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டு நனைந்து அழிந்துவிட்டது. என் கையிலிருந்த தாளிலோ 'தொழிற்சாலைச் சரக்கு' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பீப்பாயை நிமிர்த்தி வைத்த முதிய தொழிலாளி ஒருவர், "ஐயா, இதற்குள்ளே என்ன இருக்கிறது? தண்ணீர் விட்டுக் கழுவலாமா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. விவரம் வந்து சேர்வதற்குள் அவருடைய கைகள் கொப்புளித்துவிட்டன.

அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தவைதாம் நான் இன்று எடுத்துரைக்க விரும்பும் பாதுகாப்புப் பத்திரங்கள்.

1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் போபால் நகரில் மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு பரவி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. மூச்சுத் திணறி வந்தவர்களுக்கு எந்த மருத்துவம் ஏற்றது என்பது மருத்துவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. வாயு கொன்றது பாதி. அறியாமை கொன்றது பாதி எனலாம். அதன் பின்னரே 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 1989-இல் அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகளும் பிறந்தன.

அவ்விதிகள் இறக்குமதி செய்வோரிடம் கேட்பவை யாவை? சரக்கைப் பெறுபவரின் பெயரும் முகவரியும், வந்திறங்கும் துறைமுகம், கொண்டுவரப்படும் வழி, ரசாயனத்தின் அளவு, அப்பொருளைப் பற்றிய முழுமையான பாதுகாப்பு விவரம் ஆகிய ஐந்தும் ஆகும். இவற்றை உரிய அதிகாரிகளுக்கு 30 நாட்களுக்கு முன்போ, இயன்ற அளவு முன்னதாகவோ தெரிவித்தல் வேண்டும். எவ்வாறாயினும் இறக்குமதியாகும் நாளைத் தாண்டலாகாது. சரக்கு தீங்கானது என்று கருதினால் அதிகாரிகள் அதனைத் தடுக்கலாம். துறைமுகத்தாருக்கும் செய்தி அனுப்பப்படும். பத்திரமாக இறக்கிவைக்க அவர்கள் ஆயத்தம் செய்துகொள்வார்கள். இறக்குமதி செய்பவர் தம் கணக்கேட்டைச் சோதனைக்குத் திறந்து வைத்திருக்கவும் கடமைப்பட்டவர்.

இவற்றுள் உயிர்நாடி, பாதுகாப்பு விவரத் தாள். பொருளின் பெயர், இயல்பு, தீப்பற்றும் தன்மை, எதனோடு சேர்ந்தால் வெடிக்கும், உடலுக்கு விளையும் கேடு, முதலுதவி ஆகியவற்றை அது கூறும். தீ என்றால் தண்ணீர் என்பதே நம் வழக்கம். ஆனால் சோடியம் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வாயு எழுந்து வெடிக்கும்! இதனை முன்கூட்டிச் சொல்ல அந்தத் தாள் ஒன்றுதான் உண்டு. பல நாட்டாரும் ஒரே முறையில் எழுதிப் படிப்பதற்காக, ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் ஒரு பொது அமைப்பினை வெளியிட்டது. அதன்படி இத்தாளுக்குப் பதினாறு பகுதிகள் உண்டு.

தாள் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2013-இல் பெய்ரூத் துறைமுகத்துக்கு ஒரு கப்பலில் வந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், பின்னர்க் கிடங்கில் இறக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. இன்ன பொருள் என்பது ஏட்டிலே இருந்தது. எச்சரித்துக் கடிதங்களும் போயின. செயல்தான் இல்லை. 2020 ஆகஸ்டு 4-ஆம் நாள் அது வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

ஆகவே, வணிகப் பெருமக்களே, இத்தாள்களைச் சுங்கச் சாவடியைக் கடப்பதற்கான வெறும் சடங்காக எண்ணாதீர்கள். சுமப்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் புரியும் மொழியில் அவற்றைப் படித்துச் சொல்லுங்கள். "இதற்குள்ளே என்ன இருக்கிறது?" என்று ஒரு தொழிலாளி கேட்டால், அவர் கை பீப்பாயைத் தொடுமுன் விடை கிடைக்க வேண்டும்.