சக்கரம் நிக்கிற இடத்துலதான் காசு நிக்கும்!

‘காஞ்சிபுரம் போயிருக்கீங்களா?’னு உங்க கிளாஸ்ல கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் கை தூக்குவாங்க. ‘எதுக்குப் போனீங்க?’னு கேட்டா, ‘அக்கா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க’னு பதில் வரும். ‘சரி, கைலாசநாதர் கோயில் பார்த்தீங்களா?’ இப்ப முழிப்பாங்க பாருங்க... ‘வேன் அந்தப் பக்கம் போகலையே!’

மேட்டரே அதான் பாஸ். ஒரு ஊர்ல எதைப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் இருக்கோம், யார்கிட்ட காசு கொடுக்கிறோம்... இந்த மூணையும் பெரும்பாலும் முடிவு பண்றது நாம இல்லை. நாம ஏறி வந்த வண்டி!

நாலு மணி நேர டூரிஸ்ட்

சென்னையில இருந்து காஞ்சி சுமார் 75 கிலோமீட்டர். பெங்களூரு நெடுஞ்சாலையில ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போய் இடது பக்கம் திரும்பினா ஊர் வந்துடும். பக்கத்துல இருக்கிறது நமக்கு வசதி. ஊருக்கு அதுவே சிக்கல். காலையில வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்னா ராத்திரி ரூம் போட்டு யார் தங்குவாங்க?

இன்னொரு விஷயம்... இங்கே பெரிய கோயில்கள்ல மத்தியானம் 12 மணி வாக்குல நடை சாத்தினா, மறுபடி திறக்க 4 மணி ஆகும். அதனால ஒரு நாள் டூர் வண்டிகள் காலையில ரெண்டு கோயில், ஒரு பட்டுக் கடை முடிச்சிட்டு அப்படியே மாமல்லபுரத்துக்குக் கியரைப் போட்டுடும். ராத்திரி டிபன், ரூம் வாடகை, மறுநாள் காலை காஞ்சிபுரம் இட்லி... இந்த வருமானம் எல்லாம் ஊருக்கு அம்பேல்!

1865-லயே ரயிலு!

காஞ்சிக்கு ரயில் வந்த கதை தெரியுமா? ராயபுரத்துல இருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பினது 1856-ல. அடுத்த ஒன்பதே வருஷத்துல, 1865-ல அரக்கோணத்துல இருந்து காஞ்சிக்குத் தண்டவாளம் போட்டுட்டாங்க. போட்டது ‘இந்தியன் டிராம்வே கம்பெனி’. தூரம் சுமார் 19 மைல்தான். மெயின் லைன்ல வர்ற கூட்டத்தை ஊருக்குள்ள இழுத்துட்டு வர்ற குட்டி ரயில். ‘கடைசி மைல் கனெக்டிவிட்டி’னு இப்ப எம்.பி.ஏ. கிளாஸ்ல சொல்றாங்களே, அதை அப்பவே செஞ்சிருக்காங்க.

இன்னிக்கும் சென்னை பீச்ல இருந்து செங்கல்பட்டு வழியா மின்சார ரயில் இருக்கு. ஆனா, தாம்பரம் மாதிரி அடுத்தடுத்து வரும்னு நினைச்சுப் போய் நிக்காதீங்க. டைம்டேபிளைப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும்.

அத்திவரதர் வெச்ச பரீட்சை

2019 ஜூலை 1-ல இருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். 40 வருஷத்துக்கு ஒரு தடவை குளத்துல இருந்து வெளியே வர்ற அத்திவரதரைப் பார்க்க ஒரு கோடிப் பேருக்கு மேல வந்ததாகக் கணக்கு. வகுத்துப் பாருங்க... சராசரியா ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் பேர். ஊரோட ஜனத்தொகையே ரெண்டு லட்சம் சொச்சம்தான்! அதாவது, தினமும் காலையில இன்னொரு காஞ்சிபுரமே வண்டியில வந்து இறங்கியிருக்கு.

ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டுகள், அங்கிருந்து கோயில் பக்கம் போக மினி பஸ், சிறப்பு ரயில்கள்னு பல ஏற்பாடு. அப்படியும் தெருவெல்லாம் ஜாம். நெரிசல்ல உயிர்களும் போச்சு. வெளியூர்ல இருந்து கூட்டத்தைக் கொண்டு வந்து சேர்க்கிறது ஒரு வேலை. வந்தவங்களைக் கடைசி ரெண்டு கிலோமீட்டர் பத்திரமா கூட்டிட்டுப் போய்த் திருப்பி அனுப்புறது அதைவிடப் பெரிய வேலை. அந்த 48 நாள் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அடுத்த தரிசனம் 2059-ல. படிக்க டைம் இருக்கு!

தறிச் சத்தம் கேட்காத ரூட்

பட்டுக் கடைகள் வரிசைகட்டி நிக்கிறது காந்தி ரோடு. பெரிய காஞ்சிக்கும் சின்ன காஞ்சிக்கும் நடுவுல போற மெயின் ரூட். வண்டி நிக்கும், காசும் நிக்கும். நெசவாளர்கள் நிறைய இருக்கிறது பிள்ளையார்பாளையம். மேற்கே, கைலாசநாதர் கோயில் போற பக்கம். ‘டிராவல்ஸ் பார்க்கிங் இல்லை சார்’னு டிரைவர் சொல்லிட்டா கதை முடிஞ்சது. ராஜசிம்ம பல்லவன் கட்டின 1,300 வருஷக் கோயிலும் கட்... தறிச் சத்தமும் கட்!

சில கடைகள் ஆள் கூட்டி வர்றவங்களுக்கு கமிஷன் கொடுக்கிறது சுற்றுலா ஊர்கள் எல்லாத்துலயும் இருக்கிற பழக்கம். அந்த கமிஷன் கடைக்காரர் பாக்கெட்ல இருந்து போகாது. புடவை விலையில ஏறும், இல்லைன்னா நெய்றவர் கூலியில இறங்கும். உடம்பையும் பார்டரையும் தறியிலயே கோத்து நெய்ற ‘கோர்வை’ வேலையில இழுத்துவிட இன்னொரு ஆள் துணைக்கு வேணும். ஒரு புடவைக்கு எத்தனையோ நாள் உழைப்பு. 2005-06-லயே காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. ஆனா, டூரிஸ்ட் வண்டி தறி இருக்கிற தெருவுக்குப் போக ஒரு போர்டு கூட வழிகாட்டலைன்னா அந்த முத்திரை நெய்றவருக்கு என்ன பண்ணும்?

இப்ப பக்கத்துல பரந்தூர்ல புது ஏர்போர்ட்னு 2022-ல அறிவிச்சாங்க. நிலம் போகுதேன்னு ஏகனாபுரம் மக்கள் போராட்டத்துல இறங்கினாங்க. விமானம் வந்தா டூரிஸ்ட் வருவாங்கன்னு சொல்றவங்களும் உண்டு. வரட்டும்... வந்து எங்கே இறங்குவாங்க, யாருக்கு என்ன மிஞ்சும்ங்கிற கேள்வி அப்பவும் அப்படியேதான் நிக்கும்.

அடுத்த ட்ரிப்புக்கு அஞ்சு டிப்ஸ்

* காலை 8 மணிக்குள்ள ஊர்ல இருங்க. நடை சாத்துறதுக்குள்ள ஏகாம்பரநாதர், காமாட்சி, கைலாசநாதர் முடிச்சிடலாம்.
* மத்தியானம் கோயில் மூடியிருக்கிற நேரம்தான் தறி பார்க்கிற நேரம். நெசவாளர்கிட்ட அனுமதி கேட்டுட்டு உள்ளே போங்க.
* ஆட்டோ பேசும்போதே ‘கடைக்கு வேணாம்ணே, கோயிலுக்கு மட்டும்’னு சொல்லிடுங்க. ரேட்டையும் முதல்லயே பேசிடுங்க.
* புடவை எடுக்கணும்னா கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்தையும் ஒரு எட்டு பார்த்துட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க.
* முடிஞ்சா ஒரு ராத்திரி தங்குங்க. சாயங்காலம் வரதராஜப் பெருமாள் கோயில், காலையில இட்லி. ஊருக்கு நீங்க கொடுக்கிற பெரிய கிஃப்ட் அதுதான்!

அடுத்த தடவை வேன் புக் பண்றப்ப ‘ஏசி இருக்கா, பாட்டு போடுவீங்களா?’னு மட்டும் கேட்காதீங்க மக்கா. ‘அண்ணே, பிள்ளையார்பாளையம் போவீங்களா?’னும் கேளுங்க. பத்து பேட்ச் கேட்டா, பதினோராவது பேட்சுக்கு ரூட்டே மாறிடும்!