`என்னென்ன மாறுச்சு?' - ஒரு சின்னப் பட்டியலுக்காக சாஃப்ட்வேர் உலகில் நடக்கும் பெரிய பஞ்சாயத்து!

``டேய், எழுத்தைப் பெருசாக்குற பட்டன் இங்கதானே இருந்துச்சு... எங்கடா போச்சு?"

போன வாரம் அம்மா கேட்ட கேள்வி இது. அவர் தினமும் நியூஸ் படிக்கும் ஆப், முந்தின நாள் இரவுதான் தானாக அப்டேட் ஆகியிருந்தது. என்ன மாற்றினார்கள் என்று பிளே ஸ்டோரில் போய்ப் பார்த்தேன். `பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. பட்டன் பற்றி மூச்சே இல்லை.

ஒரு கம்பெனியின் ஆப் இப்படி ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம். ஆனால், `ஓப்பன் சோர்ஸ்' உலகில் அது சரிப்பட்டு வராது. அங்கே புரோகிராம் எல்லோருக்கும் திறந்திருக்கும். முகம் பார்க்காத பலர் சேர்ந்து எழுதுவார்கள். அதை எடுத்துத் தங்கள் சாஃப்ட்வேருக்குள் வைத்துக்கொள்பவர்கள் இன்னும் பலர். அடியில் ஒரு செங்கல் நகர்ந்தால் மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு புது வெர்ஷனோடும் வரும் மாற்றங்களின் பட்டியல்தான் `சேஞ்ச்லாக்'. அதை எப்படி எழுதுவது என்பதில்தான் பஞ்சாயத்தே!

மெனு கேட்டால் மளிகைச் சிட்டையா?

முதல் சண்டை, பட்டியல் யாருக்காக என்பது. டெவலப்பர்கள் தங்கள் வேலையை `கிட்' என்ற கருவியில் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பு எழுதுவார்கள். `எழுத்துப்பிழை திருத்தம்', `மறுபடியும் முயற்சி' என்றெல்லாம்கூட இருக்கும். அதை அப்படியே அள்ளி சேஞ்ச்லாக் என்று கொட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கல்யாண விருந்துக்கு வந்தவர் மெனு கேட்டால், சமையல்காரரின் மளிகைச் சிட்டையை நீட்டுவது மாதிரி!

2014-ல் ஒலிவியே லகான் என்ற டெவலப்பர், `கீப் எ சேஞ்ச்லாக்' என்ற பெயரில் சில விதிகளை முன்வைத்தார். சேஞ்ச்லாக் மனிதர்கள் படிப்பதற்கானது என்பதுதான் அதன் அடிப்படை. புது வெர்ஷன் மேலே வர வேண்டும். மாற்றங்களை ஆறு தலைப்புகளில் பிரிக்க வேண்டும். சேர்த்தவை, மாற்றியவை, விரைவில் நீக்கப்போகிறவை, நீக்கியவை, சரிசெய்தவை, பாதுகாப்பு. அவ்வளவுதான். ஏராளமான புராஜெக்ட்கள் இதைப் பின்பற்றுகின்றன.

இதில் `விரைவில் நீக்கப்போகிறவை' முக்கியமானது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும்முன் கொடுக்கும் நோட்டீஸ் அது. பைத்தான் மொழியில் இருந்த `டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பகுதியை நீக்கப்போவதாக 2021-ல் வந்த 3.10 வெர்ஷனிலேயே சொல்லிவிட்டார்கள். உண்மையில் நீக்கியது 2023-ல் வந்த 3.12-ல். இடையில் இரண்டு வருட அவகாசம்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. `தனியாக உட்கார்ந்து பட்டியல் எழுத யாருக்கு நேரம்? சேமிக்கும்போதே குறிப்பை ஒழுங்காக எழுதினால் கம்ப்யூட்டரே பட்டியல் போட்டுவிடுமே!' என்பது எதிர்த்தரப்பு. குறிப்பின் முதல் வார்த்தையே அது புது வசதியா, திருத்தமா என்று சொல்லிவிட வேண்டும் என்ற `கன்வென்ஷனல் கமிட்ஸ்' முறை இந்த வழியில் வந்தது. சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் தன்னார்வலர் பக்கமும் நியாயம் இருக்கத்தானே செய்கிறது?

03/04/2024... இது எந்த மாசம்?

நமக்கு இது ஏப்ரல் 3. அமெரிக்கருக்கோ மார்ச் 4. ஒரே பட்டியலை இரண்டு நாட்டுக்காரர்களும் படிக்கும்போது ஒரு மாதமே இடம் மாறிவிடுகிறது. இதற்கு `ஐ.எஸ்.ஓ 8601' என்ற சர்வதேசத் தரம் 1988-லேயே விடை சொல்லிவிட்டது. முதலில் வருடம், அடுத்து மாதம், கடைசியில் நாள். 2024-04-03 என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை.

தண்டோரா போடும் கருவி

அடுத்த தலைவலி, ஒரே நோட்டில் ஊரே எழுதுவது. இரண்டு பேர் பட்டியலின் ஒரே இடத்தில் ஆளுக்கொரு வரி சேர்த்தால், எதை வைப்பது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். நிறைய பேர் வேலை செய்யும் கிட்லேப் நிறுவனத்தில் இது தினசரித் தொல்லையானது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக ஒரு குட்டி ஃபைல் எழுதி, வெளியிடும் நாளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோப்பது என்று அதற்கு வழி கண்டார்கள். இதே வேலையைச் செய்ய, ட்விஸ்டட் என்ற பைத்தான் புராஜெக்ட்டைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய கருவியின் பெயர் என்ன தெரியுமா? `டவுன்கிரையர்'. நம்மூர் பாஷையில் தண்டோரா போடுபவர்!

நாலு வரியின் மதிப்பு

`இதுக்குப் போய் இவ்வளவு அடிதடியா?' என்று தோன்றலாம். 2014 ஏப்ரல் 7-ம் தேதியை நினைத்துப் பாருங்கள். உலகின் ஏராளமான இணையதளங்கள் ரகசியங்களைப் பூட்டிவைக்கப் பயன்படுத்திய `ஓப்பன்எஸ்எஸ்எல்'-ல் இரண்டு வருடமாக ஒரு ஓட்டை இருந்தது அன்றுதான் வெளியே தெரிந்தது. `ஹார்ட்பிளீட்' என்று பெயர். அன்று வெளியான 1.0.1ஜி வெர்ஷனின் மாற்றப் பட்டியலில், எந்தச் சோதனை விடுபட்டது, அதனால் மெமரியிலிருந்து 64 கிலோபைட் வரை வெளியே தெரியலாம், கண்டுபிடித்தது யார், சரிசெய்தது யார்... எல்லாம் சில வரிகளில் இருந்தன. அதைப் படித்த ஒரு சர்வர் நிர்வாகிக்கு `நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தோன்றியிருக்காது. அதே இடத்தில் `சில பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று மட்டும் இருந்திருந்தால்?

அந்த வரிகளில் இருந்த பெயர்களும் முக்கியம். ஓப்பன் சோர்ஸில் பலருக்குக் கிடைக்கும் ஒரே சம்பளம், பட்டியலில் வரும் தன் பெயர்தான்.

சரி, அம்மாவின் பட்டன்? அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். செட்டிங்ஸுக்குள், மூன்றாவது மெனுவில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. `மாற்றியவை' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி எழுதியிருந்தால், அம்மா எனக்கு போன் போட்டிருக்கவே மாட்டார்!