பூனையைக் கூடையில் ஏற்றுவது எப்படி?

எங்கள் குருசுக்குப்பத்தில் பூனைகளுக்குப் பஞ்சமே இல்லை. கடலோரம், மீன் வாசனை! கேட்பானேன்? குழந்தையும் பூனையும் ஒரே பாயில் புரளும் வீடுகள் எத்தனையோ. அதனால்தான் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள் என்கிறேன்.

வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை. வெறிநாய் கடித்த பூனைக்கும் வரும். அந்தப் பூனை கடித்தால் நமக்கும் வரும். நோய் தலைகாட்டிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் தடுத்துவிடலாம். பிரான்சில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்கு 1885-லேயே ஊசி போடச் செய்தாரே! பூனைக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. பிறகு டாக்டர் சொல்கிற கணக்குப்படி.

புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆட்டோ பிடித்துப் போவது கஷ்டமில்லை. பூனையைக் கூடைக்குள் ஏற்றுவதுதான் கஷ்டம்! துரத்திப் பிடித்தால் கையெல்லாம் கீறல். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று ஊசியும் தள்ளிப்போகும்.

ஏன் ஓடுகிறது? பரண்மேலிருந்து கூடை இறங்கினாலே ஊசிதான் என்று அதற்குத் தெரியும். ஆகவே கூடையைத் தினசரிப் பொருளாக்கிவிடுங்கள்.

ஒரு வாரம், பத்து நாள் முன்பே கூடையைக் கூடத்து மூலையில் திறந்து வையுங்கள். உள்ளே பூனை படுத்துப் புரண்ட பழைய புடவைத் துண்டைப் போடுங்கள். முதலில் வாசலில் இரண்டு நெத்திலி, மறுநாள் கொஞ்சம் உள்ளே, அப்புறம் கடைசியில். நிம்மதியாகத் தின்னப் பழகியதும் கதவை ஒரு நிமிஷம் மூடித் திறங்கள். மேல்பக்கமும் திறக்கும் கூடையானால் ரொம்ப சௌகரியம்.

போகிற அன்று முதலில் அறைக்கதவு, ஜன்னல்களைச் சாத்துங்கள். குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். தானாக நுழையாவிட்டால் பெரிய துண்டால் பூனையைப் போர்த்தி, கால்கள் வெளியே வராமல் சுற்றி, பின்பக்கம் முதலில் போகும்படி இறக்குங்கள். முகம் நம்மைப் பார்த்திருந்தால் அவ்வளவாக முரண்டு பிடிக்காது. கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். கோணிப்பையில் கட்டாதீர்கள், மூச்சு முட்டும். கூடைமேல் மெல்லிய துணி போர்த்தினால் ஆட்டோ இரைச்சலுக்கு மிரளாது. ஒரு கூடைக்கு ஒரு பூனைதான்.

அப்படியும் கடித்தாலோ கீறினாலோ அலட்சியம் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடக் கூடாது.

திரும்பி வந்ததும் கூடையைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள். மூலையிலேயே இருக்கட்டும். அவ்வப்போது உள்ளே ஒரு நெத்திலி போட்டு வையுங்கள். அடுத்த ஊசிக்குப் போராட்டமே இருக்காது!